சனிக்கிழமை அஞ்சு மணி சர்வர்

பெங்களூரு
24.6.2014

இசைப்பிரியாவுக்கு,

அருண்குமார் எழுதுறேன். கையெழுத்தைப் பார்த்ததுமே கிழிச்சுடாதே. ஒரு தடவை படிச்சுட்டு அப்புறம் கிழி. வாட்ஸ்அப்ல என்னை பிளாக் பண்ணிட்ட. போன் பண்ணா ரெண்டாவது ரிங்லயே கட் பண்ற. ஆறு மெயில் போட்டேன், ஒண்ணுக்கும் பதில் இல்ல. கடைசியா போஸ்ட் ஆபீஸ் போய் கவர் வாங்கிட்டு வந்து உக்கார்ந்திருக்கேன். பாலிடெக்னிக் ரெக்கார்டு நோட்டுக்கு அப்புறம் நான் பேனா பிடிச்சு இவ்வளவு எழுதினதே இல்ல.

14ஆம் தேதி ஆட்டத்துல நான் சொன்னது அதிகப்படி. பழனியும் சத்யாவும் கேட்டுக்கிட்டு இருக்கும்போது அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. மன்னிப்பு கேட்டுக்கறேன்.

ஆனா நான் ஏன் சொன்னேன்னும் நீ யோசிக்கணும். ஒரே பெஞ்சுல உக்கார்ந்து படிச்ச நாலு பேரு நாலு திசைக்குப் போயிட்டோம். பழனிவேல் மஸ்கட் கேம்ப்ல, சத்யப்பிரியா ஓசூர்ல மாமியார் வீட்ல, நான் இங்க, நீ மட்டும் நெய்வேலில. போன செப்டம்பர்ல நீ சிங்கப்பூர்ல இருக்கிற ஒரு சர்வர் மெஷினை நெட் வழியா எடுத்து, அதுல போக்கர் மேஜை போட்டு, "சனிக்கிழமை அஞ்சு மணிக்கு எல்லாரும் வந்துடணும்"னு கூப்பிட்ட. காசு கிடையாது, வெறும் புளியங்கொட்டைக் கணக்கு. நாங்க மூணு பேரும் ஒரு வாரம்கூட விடலை. அந்த அளவுக்கு நல்லா கட்டியிருந்த. அதுல எனக்கு எப்பவும் சந்தேகம் இல்ல.

சந்தேகம் எதுலன்னா, யாருக்காவது பெரிய சீட்டு வந்தா நீ சரியா அந்த நேரம் பார்த்து ஒதுங்கிடுற. ஒரு தடவை ரெண்டு தடவைன்னா அதிர்ஷ்டம்னு விடலாம். எப்பவுமேன்னா? சர்வர் வச்சிருக்கிறவங்க நினைச்சா எல்லார் சீட்டையும் பார்க்கலாம். நான் சாஃப்ட்வேர்ல இருக்கேன், இதுகூடவா எனக்குத் தெரியாது?

சரி, போகட்டும். இலவசமா கிடைச்ச ஒரு வருஷம் ஆகஸ்ட் 31ஓட முடியுது, அதுக்கு அப்புறம் மெஷின் போயிடும்னு நீதான் சொன்ன. அதுக்குள்ள மேஜையைத் திற. எனக்காக வேணாம், பழனிக்காகத் திற.

அருண்

கம்மாபுரம்
2.7.2014

அருணுக்கு,

கிழிக்கல. போஸ்ட்மேன் அண்ணன் வாசல்ல நின்னுகினு "பெங்களூர் கடுதாசி"ன்னு தெருவுக்கே கேக்குற மாதிரி கூவிட்டாரு. அம்மா பக்கத்துலயே இருந்துச்சு. கிழிச்சா ஏன் கிழிச்சன்னு கேக்கும். அதுக்குப் பதில் சொல்றத வுட உனக்கு எழுதிடறது சுளுவு.

மன்னிப்பு ஒரு வரி, ஏன் சொன்னேங்கிறது ஒரு பக்கம். ரொம்ப நல்லா இருக்குது உன் மன்னிப்பு.

அன்னிக்கி என்னா சொன்னன்னு நீ எழுதவே இல்லியே, கை கூசுதா? நான் எழுதறேன். "இசை திருட்டு ஆட்டம் ஆடுறா, நம்ம சீட்டு பூராவும் அவளுக்குத் தெரியும்." இதான் சொன்ன. சொல்லிட்டு சிரிச்ச வேற. சத்யா வாயே தொறக்கல. பழனி "டேய், வுடுறா"ன்னான். "அவ அப்டிப்பட்டவ இல்லடா"ன்னு சொல்லல. ரெண்டுக்கும் வித்தியாசம் எனக்குத் தெரியாதா?

பாக்க முடியுமான்னா முடியும். ஒரு வரி அடிச்சா போதும், உன் சீட்டு, சத்யா சீட்டு, அடுத்து வரப்போற சீட்டு வரைக்கும் வந்து வுழும். அத எழுதினவளே நான்தான். பாக்கல. ஒரு நாளு கூட பாக்கல. இதுக்கு மேல நான் சூடம் அடிச்சு சத்தியம் பண்ணணுமா?

நான் நெய்வேலி மைன்ஸ் கேட்டாண்ட காண்ட்ராக்டர் ஆபீஸ்ல மஸ்டர் ஏத்துறவ. முந்நூத்தி நாப்பது பேரு வருகை தெனம் என் கையில. எங்க அப்பா அய்யாசாமியும் அதுல ஒருத்தரு. மைன்ஸுக்கு நெலம் குடுத்துட்டு பர்மனெண்ட் ஆவாம இன்னும் காண்ட்ராக்ட்லயே ஓட்டிகினு இருக்கிற ஆளு. மார்ச் மாசத்துல ஒரு நாளு காய்ச்சல்ல படுத்துட்டாரு. அன்னிக்கி அவருக்கு ஆப்சென்ட் போட்டேன். பிரசென்ட்னு அடிச்சிருந்தா ஒரு நாயும் கேட்டிருக்காது. சாயங்காலம் வந்து அவருகிட்டயே சொன்னேன். "பின்ன, வராதவனுக்கு வேற என்னா போடுவ"ன்னு கஞ்சியக் குடிச்சாரு. பெத்த அப்பனுக்கே பிரசென்ட் போடாதவ, புளியங்கொட்டைக்குப் போயி உன் சீட்டப் பாப்பனா?

மெஷின நிறுத்திட்டேன். 31ஆம் தேதி தானா போவும். போவட்டும். பழனிய இழுக்காத. அவன் கிரெடிட் கார்டு நம்பர் குடுத்துதான் மெஷினுக்கு கணக்கே தொறந்தேன், அவனுக்கு நானே சொல்லிக்கிறேன்.

இசைப்பிரியா

பெங்களூரு
9.7.2014

இசை,

உங்க அப்பா விஷயத்தை ரெண்டு தடவை படிச்சேன். நீ பார்த்தேன்னு இப்ப நான் சொல்லலை.

ஆனா என் கேள்விக்கு நீ பதில் சொல்லவே இல்ல. கோபப்படாம கேளு. ஞாபகத்துல இருக்கிறதை எல்லாம் எண்ணிப் பார்த்தேன். பதினேழு தடவை. பதினேழு தடவையும் எங்க மூணு பேர்ல ஒருத்தருக்கு பெரிய கை. பதினேழு தடவையும் நீ பாதியில வெளியே போயிருக்க.

பிப்ரவரி 22 ஞாபகம் இருக்கா? மேஜையில ரெண்டு ராணி, ரெண்டு ஒம்போது, ஒரு அஞ்சு. என் கையில இன்னொரு ஒம்போது. மூணு ஒம்போது, ரெண்டு ராணி, ஃபுல் ஹவுஸ். ஒரு வருஷத்துல நான் ஜெயிச்ச பெரிய கை அதுதான். அதைப் படம் எடுத்து லேப்டாப் முகப்புல வச்சிருக்கேன். அன்னைக்கு நீயும் கொட்டையைக் கொட்டிக் குவிச்சுக்கிட்டே வந்த. கடைசிச் சுத்துல, நான் எல்லாத்தையும் உள்ள தள்ளினதும், சத்தமே இல்லாம காணாம போயிட்ட. என்கிட்ட ஒம்போது இருக்குன்னு உனக்கு எப்படித் தெரியும்?

இதுக்கு மட்டும் ஒரு பதில் சொல்லு, நான் வாயை மூடிக்கறேன்.

பழனி பேசினான். "சனிக்கிழமை வந்தா மூணரை மணிக்கு குளிச்சுட்டு லேப்டாப் முன்னாடி உக்கார்ந்துடறேன்டா. அப்புறம்தான் ஆட்டம் இல்லன்னு ஞாபகம் வருது"ன்னான். அவன் ஊர் மூணரைதான் நம்ம அஞ்சு. இதை உன்னைக் கரைக்கறதுக்காக எழுதலை. கரைஞ்சா சந்தோஷம்.

அருண்

கம்மாபுரம்
20.7.2014

அருணுக்கு,

இத்தோட ஒரு கட்டு பேப்பர் வருது. இருநூத்திப் பன்னெண்டு பக்கம். ஒரு வருசத்து ஆட்டம் பூராவும் அதுல இருக்குது. ஆபீஸ்ல கழிச்சுப் போட்ட பழைய மஸ்டர் பேப்பர முதலாளிகிட்ட கேட்டு வாங்கி, பின்பக்கத்துல அடிச்சேன். லஞ்சு டயத்துல அடிச்சது, அதனால ஒரு வாரம் ஆயிடுச்சு. அந்த பிரிண்டர் போடுற சத்தத்துல பக்கத்து சீட்டு கண்ணையன் சார் ரெண்டு நாளு வெளிய போயி சாப்புட்டாரு.

எடது பக்கம் நேரம். நடுவுல மேஜையில நடந்தது, அவங்கவங்க சீட்டோட. வலது பக்கம் அந்த நேரத்துல மெஷினுக்குள்ள நான் என்னா அடிச்சேங்கிறது. நான் அடிச்ச ஒவ்வொரு வரியும் இருக்குது, தப்பா அடிச்சு திட்டினது உள்பட.

விளக்கம் சொல்ல மாட்டேன். விளக்கினா கெஞ்சுற மாதிரி ஆயிடும். நீதான் சாப்ட்வேர் ஆச்சே, படிச்சுக்க.

இசைப்பிரியா

பெங்களூரு
3.8.2014

இசை,

படிச்சேன். ரெண்டு சனி, ரெண்டு ஞாயிறு. ரூம்ல தரை முழுக்க உன் பேப்பர்தான், கூட இருக்கிறவன் தாண்டித் தாண்டிப் போறான்.

முதல்ல சொல்ல வேண்டியதை முதல்லயே சொல்லிடறேன். நான் ஒரு முட்டாள். அதுவும் சாதாரண முட்டாள் இல்ல, சம்பளம் வாங்குற முட்டாள்.

பதினேழுன்னு எழுதினேன். இருபத்தி மூணு. அதுல ஒரு இடத்துலகூட நீ சீட்டைக் கீழ போடலை. அறுபது நொடி உன்கிட்ட இருந்து பதில் வராததால மேஜையே உன்னை வெளியே தள்ளியிருக்கு. நேரே வலது பக்கம் பார்த்தா, அதே அறுபது நொடிக்குள்ள நீ பன்னெண்டு வரி அடிச்சிருக்க. குரலை நிறுத்து, மெமரியைத் துடை, குரலைத் திரும்ப ஏத்து. ஒவ்வொரு தடவையும் இதேதான்.

எனக்கு ரெண்டாவது ஞாயித்துக்கிழமைதான் புரிஞ்சுது. "மூஞ்சி தெரியாட்டியும் பரவால்ல, குரலாவது கேக்கணும்"னு சத்யா அடம் பிடிச்சதால, நீ எங்க பேச்சையும் அதே குட்டி மெஷின்ல ஏத்தியிருக்க. யாருக்காவது பெரிய கை வந்தா நாங்க கத்துவோம். மூணு பேரும் ஒண்ணா, என் பின்னாடி நின்னு வேடிக்கை பார்க்கறவங்களும் சேர்ந்து கத்துவோம். மெஷின் திணறும். உன்கிட்ட இருக்கிறது சிம் போட்டு நெட் எடுக்கற ஒரு டாங்கிள், அதுல ஆட்டமும் மெஷின் வேலையும் சேர்ந்து ஓடாது. அதனால நீ ஆட்டத்தை மூடிட்டு மெஷினுக்குள்ள போயிருக்க. எங்களுக்கு ஒரு சின்னக் கரகரப்பு கேக்கும், அவ்வளவுதான். "சிக்னல் சரியில்ல போல"ன்னு சொல்லிட்டு ஆடுவோம். பெரிய கை வந்தா நீ ஏன் காணாம போறன்னு கேட்டேனே, இதுக்குத்தான்.

எங்க கம்பெனில இப்படி ஒரு மெஷினைப் பார்த்துக்க ஷிப்டுக்கு மூணு பேரு இருக்காங்க. அப்பவும் நின்னு போகும். உன்னது ஒரு வருஷத்துல ஒரு சனிக்கிழமைகூட நிக்கலை.

நடுநடுவுல நீ உனக்காக எழுதி வச்சுக்கிட்ட குறிப்பும் பிரிண்ட் ஆயிருக்கு, தெரியுமா? "பழனி கேம்ப் லைன் மெதுவு, அவனுக்கு சீட்டு படமா வேணாம், எழுத்தா அனுப்பு." "சத்யா கொழந்த அழுவுது, நிறுத்தி வெக்க ஒரு பட்டன் போடு." அந்த பட்டனை சத்யா எத்தனை தடவை அமுக்கியிருப்பா! அது தானா வந்ததுன்னு நினைச்சுக்கிட்டு இருந்தோம். ஒரு இடத்துல, "அருண் கத்துறான், அவன் மைக்கக் கொற. வேணாம், பாவம், கத்தட்டும்." அதைப் படிச்சுட்டு சிரிச்சேன், அப்புறம் முடியலை, எழுந்து மொட்டை மாடிக்குப் போயிட்டேன்.

சீட்டைக் காட்டுற அந்த ஒரு வரியைத் தேடினேன். திருட்டுத்தனமா இல்ல, தேடணும்னே தேடினேன். கடைசிப் பக்கத்துல இருக்கு, இதையெல்லாம் பிரிண்ட் எடுக்கறதுக்காக ஜூலைல அடிச்சது. அதுக்கு முன்னாடி ஒரு தடவைகூட இல்ல.

பிப்ரவரி 22. நூத்தி முப்பத்தெட்டாம் பக்கம். மேஜையில ரெண்டு ராணி. உன் கையில மீதி ரெண்டு ராணி. நாலு ராணி, இசை! என் ஃபுல் ஹவுஸ் எல்லாம் அதுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்ல. நீ ஒரே ஒரு தடவை அமுக்கியிருந்தா நான் அன்னைக்கு ஓட்டாண்டி. நான் ஜெயிச்சுட்டேன்னு கத்திக்கிட்டு இருந்தேன், நான் கத்தினதால திணறின மெஷினை நீ நாலு ராணியை விட்டுட்டு தூக்கி நிறுத்திக்கிட்டு இருந்திருக்க. அப்புறம் வந்து "சூப்பர்டா அருண்"னு வேற டைப் பண்ணியிருக்க. அந்தப் படத்தை முகப்புல இருந்து எடுத்துட்டேன்.

பேப்பரைத் திருப்பியும் பார்த்தேன். மார்ச் மாச மஸ்டர் ஒரு பக்கத்துல வந்திருக்கு. அய்யாசாமி, வரிசையா பி, பி, பி, நடுவுல ஒரே ஒரு ஏ. அதை மட்டும் மடிச்சு பர்ஸ்ல வச்சிருக்கேன். திருப்பிக் கேக்காதே, தர மாட்டேன்.

என்ன செஞ்சா நீ வருவ? சொல்லு, செய்யறேன்.

அருண்

கம்மாபுரம்
10.8.2014

அருணுக்கு,

அந்தக் குறிப்பெல்லாம் பிரிண்ட் ஆனத நான் பாக்கல. பாத்திருந்தா அடிச்சுட்டு அனுப்பியிருப்பேன்.

நீ எழுதினத மூணு தரம் படிச்சேன். பொய் சொல்லுவானேன், நல்லாதான் இருந்துச்சு. ஆனா ஒண்ணு. என்ன திருடின்னு சொன்னது கடுதாசியில இல்ல. மேஜையில, நாலு பேரு காதுல வுழுற மாதிரி வாயத் தொறந்து சொன்ன. சொன்னத வாபஸ் எடுத்துக்கறதையும் அங்கதான் எடுத்துக்கணும். எனக்கு மட்டும் கவர்ல போட்டு அனுப்பினா அது எப்டிப்பா சரியாவும்?

என் மேஜைய இதுக்காகத் தொறக்க மாட்டேன். உன் பேருல ஒரு மெஷின் எடு. ஆட்டத்தோட புரோகிராம் ஓசியிலயே கெடைக்குது, நானும் அதுலேருந்துதான் ஆரம்பிச்சேன். நீயே போடு, குரலும் சேத்துப் போடு. சனிக்கிழமை அஞ்சு மணிக்கு அவங்க ரெண்டு பேரையும் கூப்டு. அங்க சொல்லு. நான் வர மாட்டேன். வராதவ காதுக்கு அது வந்து சேருதான்னு பாக்குறேன்.

இசை

பெங்களூரு
24.8.2014

இசை,

நேத்து மேஜை போட்டேன்.

போட்டேன்னு ஒரு வார்த்தையில எழுதிட்டேன். எட்டு நாள் ஆச்சு. முதல் நாள் மெஷின் என்னையே உள்ள விடலை. மூணாவது நாள் அம்பத்திரண்டு சீட்டுக்குப் பதிலா அம்பத்தொண்ணு வந்துச்சு, எது காணோம்னு தேடவே ஒரு சாயங்காலம் போச்சு. ஆபீஸ்ல என் டீம் லீடர்கிட்ட கேட்டேன். "இதெல்லாம் தனி ஆளு பண்ற வேலை இல்லப்பா"ன்னார். "நெய்வேலில ஒருத்தி பண்ணியிருக்கா சார், பகல்ல மஸ்டர் ஏத்திட்டு வந்து"ன்னேன். அவர் நம்பலை.

என் ரூம்ல பிராட்பேண்ட் இருக்கு. ஆனா நீ பண்ண மாதிரியே பண்ணணும்னு ஒரு டாங்கிள் வாங்கிட்டு வந்தேன். கூட இருக்கிறவன் எனக்குக் கிறுக்குப் பிடிச்சுடுச்சுன்னான்.

அஞ்சு மணிக்கு ரெண்டு பேரும் வந்தாங்க. சீட்டுப் போடறதுக்கு முன்னாடியே சொன்னேன். "இசை நம்ம சீட்டை ஒரு நாளும் பார்க்கலை. நான் சொன்னது பொய். நம்ம ஆட்டம் நிக்கக் கூடாதுன்னு அவ ஜெயிக்கிற சீட்டை இருபத்தி மூணு தடவை விட்டுட்டுப் போயிருக்கா. அவளைத் திருடின்னு சொன்ன வாய் இது." அந்த நாலு ராணியையும் சொன்னேன். என் மெஷின் நின்னு போச்சோன்னு பார்த்தேன், நிக்கலை. சத்யா அழுதுக்கிட்டிருந்தா. "அன்னைக்கே நான் வாயைத் திறந்திருக்கணும்"னா. பழனி தன்னைத் தானே ஒரு கெட்ட வார்த்தை சொல்லித் திட்டிக்கிட்டான், அதை எழுத முடியாது.

அப்புறம் ஆடினோம். பழனிக்கு சீட்டு வரவே இல்ல, நான் படமா அனுப்பியிருக்கேன். சத்யா குழந்தை அழுதுச்சு, நிறுத்தி வைக்கிற பட்டன் எங்கன்னு கேட்டா, என்கிட்ட இல்ல. ஒவ்வொரு பத்து நிமிஷத்துக்கும் ரெண்டு பேர்ல ஒருத்தர், "இசை இருந்தா"ன்னு ஆரம்பிப்பாங்க.

ஆறே காலுக்கு எனக்கு ரெண்டு ஏஸ் வந்துச்சு. மேஜையில மூணாவது ஏஸ் விழுந்துச்சு. இசை, இதுக்கு மேல என்ன வேணும் மனுஷனுக்கு? அந்த நேரம் பார்த்து சத்யாவும் கொட்டையைக் குவிக்கிறா. பழனி கத்துறான், அவ கத்துறா, நானும் கத்துறேன். குரல் இழுக்க ஆரம்பிச்சுது. மெஷின் சாகுது, எனக்கு அது இப்ப தெரியும். என் முறைக்கு அறுபது நொடி ஓட ஆரம்பிச்சுடுச்சு. மூணு ஏஸைப் பார்த்தேன். ஆட்டத்தை மூடிட்டு உள்ள போனேன்.

திரும்பி வந்தப்போ சத்யா ரெண்டு எட்டை வச்சுக்கிட்டு ஜெயிச்சுட்டு ஆடிக்கிட்டிருந்தா. "என்னடா அருண், பயந்துட்டியா?"ன்னா. மூணு ஏஸ்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. முழுங்கிட்டு "சூப்பர் சத்யா"ன்னு டைப் பண்ணேன்.

ஒரே ஒரு தடவை பண்ணதுக்கே எனக்கு ராத்திரி சோறு இறங்கலை. நீ ஒரு வருஷம் பண்ணியிருக்க. நீ ஏன் எங்ககிட்ட சொல்லவே இல்ல?

அருண்

கம்மாபுரம்
1.9.2014

அருணு,

பழனியும் சத்யாவும் மாறி மாறி போன் பண்ணிட்டாங்க. சத்யா பேசவே வுடல, அழுவறா, திட்டறா, திரும்ப அழுவறா. காதுக்கு வந்து சேந்துடுச்சு.

ஏன் சொல்லலன்னு கேட்டிருந்த. சொல்லியிருந்தா நீங்க கத்துறத நிறுத்திட்டிருப்பீங்க. கத்தாம ஆடுனா அது என்னா ஆட்டம்? வாரம் பூரா எவன் எவனுக்கோ சரி சார், சரி சார்னு சொல்லிகினு இருக்கிறவங்க, ஒரு நாளு கத்திட்டுப் போவட்டும்னு வுட்டேன்.

மூணு ஏஸ் வெச்சிகினு எழுந்து போனேன்னு எழுதியிருக்கிறியே, அது நெசமா? மெஷின்ல பதிஞ்ச லாகு இருக்குதா? இருநூத்திப் பன்னெண்டு பக்கம் அடிச்சு அனுப்பு பாக்கலாம். ...வேணாம், சும்மா சொன்னேன். லாகு எதுவும் வேணாம், நம்புறேன்.

நேத்தோட என் மெஷின் போயிடுச்சு. அதுக்கு முன்னாடியே எல்லாத்தையும் எறக்கிட்டேன். இத்தோட ஒரு பென்டிரைவ் வெச்சிருக்கிறேன். நிறுத்துற பட்டன் அதுல இருக்குது, பழனிக்கு எழுத்தா அனுப்புறது இருக்குது, குரலு எப்பத் திணறும்னு முன்கூட்டியே சொல்ற ஒண்ணும் கடைசி வாரம் எழுதிச் சேத்தேன். உன் மெஷின்ல ஏத்திக்க. எங்கியாவது முட்டுனா போன் பண்ணு, பிளாக்க எடுத்துட்டேன்.

இனிமே உள்ள போறது உன் வேல. ஒரு வருசமா மேஜையில இருந்துகினு நான் ஒரு பெரிய கை கூட கடைசி வரைக்கும் ஆடினதில்ல, அருணு. அது எப்டி இருக்கும்னு பாக்கணும். சனிக்கிழமை அஞ்சு மணிக்கு வரேன். நீ மெஷினப் பாரு, நான் ஆடுறேன்.

இசை